விலாவில் பட்ட பந்து

உங்கள் கையிலிருந்து போன ஒன்று இன்னொருத்தர் உடம்பில் பட்டு, அவருக்கு என்ன ஆகுமோ என்று தெரியாமல் ஒரு பகல் முழுக்க நீங்கள் இருந்ததுண்டா?

இருந்திருந்தால், தங்கையன் அன்று காலை ஏன் கஞ்சி குடிக்கவில்லை என்று நான் சொல்லாமலே உங்களுக்குப் புரியும்.

தங்கையன் யார் என்று புதிதாக வாசிப்பவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். தக்கலைச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்யும் பொன்னுலிங்கத்தின் மகன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் ஆடி, பந்து போடுவதில் பேர் வாங்கியவன். இந்த வருஷம் நாகர்கோவில் கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்திருக்கிறான்.

பள்ளிக்கூடத்தில் தோல் பந்து ஏது? ரப்பர் மரத்தில் வடிந்து காய்ந்த ஒட்டுப்பாலை நாடா நாடாக உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றிய பந்துதான். அதைப் பாதி வழியில் தரையில் ஓங்கிக் குத்தினால் ஆள் உயரம் எழும்பும். தங்கையன் குத்துகிற குத்தில் எதிராளி மட்டையைப் போட்டுவிட்டு முகத்தை மூடுவான். அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டுதான் அவன் நாகர்கோவிலுக்குப் போனான்.

அங்கே பந்து வேறு. தரையும் வேறு. கயிற்றுப் பாயை இழுத்து விரித்து ஆணி அடித்து, அதன்மேல் தோல் பந்து போட வேண்டும். முதல் இரண்டு வாரம் பந்து அவன் பேச்சைக் கேட்கவே இல்லை. 'ஒட்டுப்பாலு' என்று ஒரு பட்டப்பெயர் கிடைத்ததுதான் மிச்சம்.

முந்தின நாள் சாயங்காலம் அணித் தலைவன் மரியநேசன் மட்டை பிடித்து நின்றான். பி.ஏ. கடைசி வருஷம். "லே ஒட்டுப்பாலு, மரத்துல பால் வடியுதது மாதிரி போடாத. பந்து மாதிரி போடு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பந்தைத் தங்கையன் பழைய பழக்கத்தில் பாதி வழியில் குத்தினான். அது பாயில் பட்டுச் சீறி எழும்பி, மரியநேசனின் இடது அக்குளுக்குக் கீழே விலாவில் பட்டது.

மரியநேசன் சுருண்டு விழுந்தான். பிறகு எழுந்து மண்ணைத் தட்டினான். சிரித்தான். இன்னும் பத்துப் பந்து ஆடினான். எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

தங்கையன் மறக்கவில்லை.

"கஞ்சி ஆறிப்போவுது மக்கா" என்றாள் அவன் அம்மா செல்லக்கனி.

"வேண்டாம்மா."

"பயறு இருக்கு, தொவையல் இருக்கு. ராத்திரியும் ஒழுங்காத் திங்கல்ல. காலேஜில சேந்தா வயிறு சுருங்கிப் போவுமோ?"

தங்கையன் கஞ்சியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தான்.

"எம்மா, பாட்டா சொல்லுவாவல்லா... இஞ்ச அடிபட்டா என்ன ஆவும்?"

இடது கையைத் தூக்கி, வலது கை விரலை விலாவில் வைத்துக் காட்டினான்.

செல்லக்கனியின் அப்பா, தங்கையனின் பாட்டா, வர்ம வைத்தியர். உயிரோடு இருந்தவரை, அடிபட்டவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு எங்கெங்கிருந்தோ வருவார்கள். உடம்பில் சில இடங்கள் இருக்கின்றனவாம். அங்கே அடி விழுந்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. அடிபட்டவன் எழுந்து நடப்பான், சாப்பிடுவான், சிரிப்பான். நேரம் வந்ததும் சாய்ந்துவிடுவான். அதற்குள் அந்த வர்மத்தைத் தட்டி இளக்கிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் இதை நம்பாத வீடு குறைவு. செல்லக்கனி வைத்தியம் படித்தவள் இல்லை. கேட்டு வளர்ந்தவள்.

அவள் வந்து மகனின் விரலைப் பிடித்து இம்மி நகர்த்தினாள்.

"இங்கனயா? இல்ல, இங்கனயா?"

"முதல்ல வச்ச எடந்தான்."

"செரியாப் பாத்துச் சொல்லு. ஆருக்குப் பட்டுது?"

அவன் சொன்னான். பந்து, பாய், மரியநேசன், சிரிப்பு எல்லாம் சொன்னான். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

"அது அடப்பகாலம்லே" என்றாள் அவள். "விலா வர்மம். அந்தப் பிள்ள ராத்திரி ஒறங்கிச்சா? வெள்ளம் குடிச்சா எறங்குதா? நீ ஏன் நேத்தே சொல்லல்ல?"

பொன்னுலிங்கம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பி வந்தார்.

"என்னட்டி காலையிலேயே நெலவிளியும் கூப்பாடும்?"

அவள் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பந்து பட்டா வீங்கும். அம்புட்டுதான். எனக்க தலையில எத்தன வாழக்குல விழுந்திருக்கு, நான் செத்தா போனேன்?"

"தலையில விழுகதும் இதுவும் ஒண்ணா? பட்ட மறுநா இருட்டுமுன்ன எடுத்தாத்தான் உண்டு, இல்லெங்கி அடுத்த விடியதுக்குள்ள ஆளு இருக்காதுன்னு எனக்க அப்பா..."

"ஒனக்க அப்பா நல்ல மனுசன். அவரு போயிச் சேந்து எட்டு வருசம் ஆச்சு. நீ வைத்தியத்தத் தூக்கிட்டு நாகர்கோயிலுக்குப் போயிராத. அந்தப் பய வக்கீலு வீட்டுப் பிள்ள. அவனுவ பல்ல இளிச்சுச் சிரிப்பானுவ. நாளைக்கு இவனத்தான் கேலி பண்ணுவானுவ."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"போகப்பிடாதுன்னா போகப்பிடாது" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

செல்லக்கனிக்குப் பத்து வயதில் பார்த்த ஒரு வண்டிக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். நுகத்தடி விலாவில் இடித்துவிட்டது என்று வந்து உட்கார்ந்தார். அப்பா மருந்துக்கு வேளிமலைக்குப் போயிருந்தார். வண்டிக்காரர் வெற்றிலை போட்டார். மாட்டுக்கு வைக்கோல் இருக்கிறதா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா திரும்பியபோது அவர் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். செம்பில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.

தங்கையன் பஸ்ஸுக்குப் போனபின் அவள் அலமாரிக்கு மேலே துணியில் சுற்றி வைத்திருந்த தைலக் குப்பியைத் தேடி எடுத்தாள்.

* * *

கல்லூரியில் தங்கையன் அன்று பாடம் எதுவும் கேட்கவில்லை. வராந்தாவில் நின்று பி.ஏ. வகுப்பின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மரியநேசன் வெளியே வந்தான். நடை சரியாக இருக்கிறதா? இருக்கிறது. ஒருவனோடு பேசிச் சிரிக்கிறான். சிரித்து முடித்து இருமினான். இருமும்போது கை விலாவுக்குப் போனது.

"என்னலே ஒட்டுப்பாலு, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி என்னையே பாத்திட்டு நிக்க?"

"ஒண்ணுமில்லண்ணே. நேத்து பட்டது... எண்ண கிண்ண போட்டியளா?"

"அதுக்கெல்லாம் எண்ண போட்டா ஊருல வெளக்கு எரியாது." மரியநேசன் அவன் தோளில் கை போட்டான். "கேளு. சனிக்கெழம திருவனந்தபுரத்துல மேட்ச். ஒன்னக் கூட்டிட்டுப் போறேன். நேத்து போட்டியே ஒண்ணு, அத அங்க போடு. அவனுவளுக்கு அப்பிடி ஒரு பந்து வரும்னே தெரியாது."

எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை அது. இரண்டு வாரமாக பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இந்த ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டு வந்தான். இப்போது அது காதில் விழுந்தபோது சந்தோஷம் வரவில்லை. தோளில் கிடந்த கை சுடுகிற மாதிரி இருந்தது. காய்ச்சலோ?

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு நெட்டு பிராக்டீஸ். மொதப் பஸ்ஸப் பிடிச்சு வந்திரு."

பக்கத்தில் நின்ற அபுதாஹிர் கையை விரித்துக் காட்டினான். கோட்டாற்றுப் பையன். ஸ்டம்புக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவன். கல்லூரியில் தங்கையனுக்கு முதலில் சிநேகமானவன் அவன்தான்.

"பாத்தியா மக்கா, ஒனக்க பந்தப் பிடிச்சு எனக்க கை பணியாரம் மாதிரி இருக்கு. எங்க உம்மா கேக்கா, காலேஜில படிக்கியா, கல்லு ஒடைக்கியான்னு."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையனும் சிரித்தான்.

அவனைப் பயமுறுத்தியது அம்மா சொன்னது மட்டும் இல்லை. அம்மாவிடம் அவன் சொல்லாத ஒன்று இருந்தது.

நேற்று மரியநேசன் கேலி பேசினதும் எல்லோரும் சிரித்தார்களே, அப்போது தங்கையன் ஓடி வரத் தொடங்கினான். ஓடும்போது ஸ்டம்பைப் பார்க்க வேண்டும். அவன் ஸ்டம்பைப் பார்க்கவில்லை. மரியநேசன் மட்டையைத் தூக்கினபோது அவனுடைய வெள்ளைச் சட்டையில் அக்குளுக்குக் கீழே தையல் விட்டிருந்தது தெரிந்தது. அந்த இடம்தான் கண்ணில் நின்றது. சின்ன வயதில் பாட்டா மடியில் உட்காரவைத்து, இது என்ன, இது என்ன என்று அவன் உடம்பிலேயே தொட்டுத் தொட்டுக் கேட்பார். அந்த இடத்தைத் தொடும்போது அவனுக்குக் கூச்சம் வரும். அதனால் அந்தப் பெயர் அவனுக்கு மறந்ததே இல்லை.

பந்து கையை விட்டுப் போகும்போது அவன் என்ன நினைத்தான்? எத்தனை தடவை யோசித்தாலும் அந்த ஒரு நொடி மட்டும் கிடைக்கவில்லை.

மத்தியானம் மரியநேசன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து மூடிவிட்டான். நாலு மணிக்கு வகுப்பில் அவன் இல்லை.

"மேலுக்கு ஒருமாதிரி இருக்குன்னு வீட்டுக்குப் போனாரு" என்று ஒருவன் சொன்னான். "அபுதாஹிரும் கூடப் போயிருக்கான்."

தங்கையன் புத்தகங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

* * *

மரியநேசனின் அப்பா வக்கீல் முத்துநாயகத்தின் வீடு கோட்டாறு போகிற வழியில் இருந்தது. செல்லக்கனி ஒரு சீப்பு மட்டி வாழைப்பழமும் தைலக் குப்பியுமாக, விசாரித்து விசாரித்து அங்கே வந்து சேர்ந்தாள். அவளுக்கும் முன்பே மரியநேசன் வந்து படுத்திருந்தான்.

மரியநேசனின் அம்மா வியாகுலம்மாள் நல்ல மாதிரி. "தக்கலையில இருந்தா வாறீங்க? உள்ள வந்து இரியுங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். வந்த காரியத்தைக் கேட்டதும் பிடித்த கையை விடவே இல்லை.

"டாக்டர் வந்து பாத்தாரு. எலும்புக்கு ஒண்ணுமில்ல, சதையில அடி, ரெண்டு நாளையில செரியாவும்னு சொன்னாரு. ஆனா மேலு சுடுதே. மத்தியானமும் ஒண்ணும் திங்கல்ல."

"டாக்டர் சொல்லுகது டாக்டர் சொல்லட்டும்மா. நான் அந்த எடத்த ஒருதரம் தொட்டுப் பாக்கட்டா? பைய எண்ண போட்டுத் தடவி, ஒரு தட்டு. அம்புட்டுதான்."

"தட்டுங்க. எதுன்னாலும் செய்யுங்க. எனக்கு இருக்கது ஒத்தப் பயலு."

உள்ளே கட்டிலில் மரியநேசன் படுத்திருந்தான். பக்கத்து நாற்காலியில் அபுதாஹிர். தலைமாட்டுச் சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம். செல்லக்கனியைப் பார்த்ததும் மரியநேசன் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"நீங்க தங்கையனுக்க அம்மையா? சும்மா ஒரு பந்து பட்டதுக்கு தக்கலையில இருந்து பழம் வருதுன்னா, நான் தெனமும் ஒண்ணு வாங்கிக்கிடுவேன்."

அவன் சிரித்தான். செல்லக்கனிக்கு அந்த வண்டிக்காரரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. அவசரமாக ஒரு கையாலேயே குப்பியின் மூடியைத் திறந்தாள்.

அப்போதுதான் வக்கீல் கோர்ட்டிலிருந்து வந்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவில்லை. சத்தம்கூட உயரவில்லை.

"கொஞ்சம் நில்லுங்கம்மா. பந்து பட்டப்பம் நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல்லய்யா."

"பின்ன வர்மத்துலதான் பட்டுதுன்னு எப்பிடிச் சொல்லுகீங்க?"

"மகன் வெரல வச்சுக் காட்டினான்."

"காலேஜில படிக்க பய. அவன் காட்டின எடம் செரியான எடந்தான்னு ஒங்களுக்கு என்ன நிச்சயம்?"

இவர் நம்பவில்லை என்று செல்லக்கனி நினைத்தாள். நம்பாவிட்டால் தொடவிடமாட்டார். தொடாவிட்டால் விடியும்போது இந்தப் பிள்ளை இருக்காது. எப்படியாவது இவரை நம்பவைத்துவிட வேண்டும். அவள் மனதில் அது ஒன்றுதான் இருந்தது.

"அய்யா, நாங்க சும்மா ஆளுவ இல்ல. எனக்க அப்பா பேரச் சொன்னா கல்குளம் தாலுகா முழுக்கத் தெரியும். எங்க வீட்டுப் பிள்ளையளுக்கு எழுத்துக்கு முன்ன இந்த எடமெல்லாம் படிச்சுக் குடுத்திருவாவ. எனக்க மகன் கண்ணக் கட்டிவிட்டாலும் தப்பாமத் தொட்டுக் காட்டுவான்."

வியாகுலம்மாளின் கை அவள் கையைவிட்டு மெதுவாக நழுவியது. ஏன் என்று செல்லக்கனிக்கு உடனே புரியவில்லை.

"செரி" என்றார் வக்கீல். "அந்தப் பந்து போடதுக்கு முன்ன எனக்க பய ஒங்க மகன ஏதாவது சொன்னானா?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்யா?"

"சும்மா கேலிதான் மாமா" என்றான் அபுதாஹிர். நல்லதுக்குத்தான் சொன்னான். "ஒட்டுப்பாலுன்னு கூப்பிடுவோம். நேத்தும் நேசண்ணன் மரத்துல பால் வடியுத மாதிரின்னு..."

சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்தினான்.

மூச்சு வாங்க வாசலில் தங்கையன் நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று யாருக்கும் தெரியாது. முன்கூடத்தில் மட்டிப்பழச் சீப்பைப் பார்த்தபோதே அம்மா வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"வா தம்பி" என்றார் வக்கீல். "ஒங்க அம்மை சொன்னதக் கேட்டியா? அந்த எடம் ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அங்க அடிச்சா என்ன ஆவும்னு தெரியுமா?"

"பாட்டா சொல்லியிருக்காவ."

"தெரிஞ்சுதான் போட்டியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் போதும். தங்கையன் வாயைத் திறந்தான். அந்தத் தையல் விட்ட சட்டை கண்முன் வந்து நின்றது. பொய் சொல்லக் கூடாது என்று அந்த நேரத்திலா ஒருவன் யோசிப்பான்? இவன் யோசித்தான்.

"இல்ல சார்" என்று சொன்னபோது ரொம்பத் தாமதமாகிவிட்டது.

அபுதாஹிர் எழுந்தான். நாற்காலியைக் கட்டிலுக்கு மறுபக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தான். தங்கையனைப் பார்க்கவில்லை.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மரியநேசன் இப்போது சிரிக்கவில்லை. அவன் கை மெதுவாகப் போர்வைக்குள் போய், விலாவில் அந்த இடத்தைத் தேடித் தடவியது.

"எப்பா" என்றான். "எனக்கு என்னமோ மூச்சு முட்டுகது மாதிரி இருக்கு."

"ஒண்ணுமில்ல. படு."

வியாகுலம்மாள் அழ ஆரம்பித்தாள். "செஞ்சது ஆராவும் இருந்துட்டுப் போவட்டும். எடுக்கத் தெரியும்னு சொல்லுகாவல்லா, எடுத்துவிடட்டுமே! பயலு நல்லாவட்டும்!"

"வேண்டாம்" என்றார் வக்கீல். "அடிச்ச கையும் தடவுக கையும் ஒரே வீட்டுக் கை. எனக்க மகனத் தொடப்பிடாது."

செல்லக்கனி குப்பியோடு நின்றாள். இப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அய்யா, நான் அந்த அர்த்தத்துல சொல்லல்லய்யா. எனக்க பிள்ள அப்பிடிப்பட்டவன் இல்ல. உயிரு போவப்பிடாதேன்னு பேடிச்சு ஓடி வந்தேன்யா..."

"நீங்க சொன்னத நான் கேட்டாச்சு. போயிட்டு வாங்க. விடியட்டும், பாப்போம்."

* * *

பஸ்ஸில் அம்மாவும் மகனும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். பஸ் வில்லுக்குறியைத் தாண்டியது. வெளியே சாரல் அடித்தது. கண்டக்டர் ஜன்னல் ஓலைப்பாயை இறக்கிக் கட்டச் சொன்னான். யாரோ கட்டினார்கள்.

"லே மக்கா."

"ம்."

"நீ வேணும்னு போடல்ல. இல்லியா?"

தங்கையன் திரும்பிப் பார்த்தான்.

"நீயுமாம்மா கேக்க?"

"நான் கேக்கல்ல. ஒனக்க வாயால சொல்லு. எனக்கு அது போதும்."

அவன் தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல்களில் தோல் பந்தின் தையல் பட்டுத் தோல் உரிந்திருந்தது. ஒட்டுப்பால் பந்து இப்படிச் செய்ததே இல்லை.

"தெரியல்லம்மா" என்றான்.

செல்லக்கனி சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"மிண்டாத" என்றாள் காதருகில். "அப்பாகிட்டயும் சொல்லாத. ஆருகிட்டயும் சொல்லாத. நீ தெரியாமத்தான் போட்ட. கேட்டியா? தெரியாமத்தான் போட்ட."

தக்கலையில் இறங்கியபோது பொன்னுலிங்கம் பஸ் நிற்கிற இடத்திலேயே நனைந்துகொண்டு நின்றார். வீட்டில் ஆளைக் காணாமல் விஷயத்தை ஊகித்திருந்தார். கோபமாகத்தான் வந்திருப்பார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் கோபம் எங்கேயோ போய்விட்டது.

"என்னட்டி? சிரிச்சானுவளா?"

"சிரிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள் செல்லக்கனி.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் எல்லாவற்றையும் சொன்னாள், பஸ்ஸில் மகன் சொன்ன ஒரு வார்த்தையைத் தவிர. கேட்டுக்கொண்டே நடந்த பொன்னுலிங்கம் ஒரு இடத்தில் நின்றுவிட்டார்.

"கண்ணக் கட்டிவிட்டாலும் தொடுவான்னா சொன்ன?"

"ஆமா."

"வக்கீலுகிட்டயா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மழையைத் துடைத்தாரோ என்னவோ.

"அந்தப் பிள்ளைக்கு விடியதுக்குள்ள ஒண்ணு ஆச்சுன்னா..." என்று தொடங்கி, மகன் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அவர் நிறுத்திக்கொண்டார்.

"எப்பா, நாளைக்கு ஏழு மணிக்கு நெட்டு" என்றான் தங்கையன். "நான் போகணுமா?"

"போகல்லெங்கி பயந்து ஒளிச்சேன்னு சொல்லுவானுவ."

"போனா?"

"மொதப் பஸ்ஸுக்கு எழுப்பி விடுகேன்" என்று மட்டும் சொன்னார் பொன்னுலிங்கம். ஆனால் எழுப்ப வேண்டிய அவசியம் அந்த வீட்டில் யாருக்கும் வரவில்லை.

மறுநாள் காலை மரியநேசன் எழுந்து, காப்பி குடித்து, மைதானத்துக்கு வந்தான். காய்ச்சல் விட்டிருந்தது. பாய் விரித்து ஆணி அடித்திருந்தார்கள். திருவனந்தபுரம் போகிற அத்தனை பேரும் வந்திருந்தார்கள். தங்கையன் பந்தை எடுத்துக்கொண்டு, ஓடி வருகிற இடத்துக்குப் போய் நின்றான். மட்டை ஸ்டம்பில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்து அவன் பந்துக்கு எதிரே நிற்க யாரும் போகவில்லை.